சாட்சி இல்லாத மழை

ஒரு மகன் பிறந்து, அவனுக்குப் பின்னால் வரிசையாகப் பெண்களாகவே பிறந்தால், கடைசிப் பெண்ணுக்கு மல்சூன் என்று பெயர் வைப்பது கொரிய மலைநாட்டு வழக்கம். தமிழ்நாட்டில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே சங்கதிதான். தாக் மல்சூன் அந்தப் பெயரோடு பள்ளிக்கூடத்தில் பட்ட கேலியையெல்லாம் பட்டுத் தீர்த்துவிட்டு, தேஜோன் நகரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் மூன்றாவது மாடியில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் தலை நரைக்கிறவரை எழுந்திருக்கவில்லை.

அந்த அறைக்கு உலகத்து மழையெல்லாம் வரும். எந்த நாட்டு மலையுச்சியிலோ, எந்தத் தீவின் பள்ளிக்கூட வாசலிலோ ஒரு மழைமானி இருக்கும். யாரோ ஒருவர் காலையில் அதில் தேங்கிய தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்து எழுதுவார். அந்த எண் ஊர் ஊராக ஏறி இறங்கி, கடைசியில் மல்சூனின் கணினிக்கு வந்து சேரும். உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மழை என்று ஒரே அட்டவணையாகச் செய்து தருவது அவர்கள் வேலை. வெள்ளம், வறட்சி என்று எவர் எங்கே ஆராய்ந்தாலும் அந்த அட்டவணையைத்தான் கையில் எடுப்பார்கள்.

வருகிற எண்ணையெல்லாம் நம்பினால் குடி முழுகிப்போகும். ஒரு நாட்டிலிருந்து வந்த மழை, பார்த்தால் மழையே இல்லை, வெப்பநிலையை இடம் மாற்றி எழுதி அனுப்பியிருந்தார்கள். இன்னோர் ஊரில் மானிக்குள் குருவி கூடு கட்டி, அந்த ஊரே இரண்டு வருஷம் பாலைவனமாகிவிட்டது. இதையெல்லாம் பிடித்துக் களைவதில் மல்சூன் எமகாதகி. அவள் வகுத்த விதி ஒன்றுதான். அளவுக்கு மீறிய எண் எதுவானாலும், பக்கத்து மானிகளில் ஒன்றாவது அதை ஒத்துப் பேச வேண்டும். பேசாவிட்டால் அந்த எண் அட்டவணைக்குள் வராது.

"அக்கா, மடகாஸ்கர்ல ஒரு மானி ஒரே நாள்ல முன்னூத்தம்பது மில்லிமீட்டர் காட்டுது" என்பாள் எதிர் மேஜை ஏரான். மல்சூனைவிடப் பத்து வயது சின்னவள். இளகிய மனசு.

"பக்கத்துல என்ன சொல்லுது?"

"ரெண்டு மானி இருக்கு. ரெண்டுமே அந்த மாசம் ஒண்ணும் அனுப்பல."

"அப்ப தூக்கு."

"பாவம்க்கா. நெசமாவே பேஞ்சிருந்தா?"

"பேஞ்சிருந்தா பக்கத்து வீட்டுக்காரனும் நனைஞ்சிருப்பான்ல? இவன் வீட்டுக்கு மட்டும் வானம் தனியாவா வந்துச்சு? தூக்குடி."

தனிமரம் தோப்பாகாது. தனி மானியும் மழையாகாது. இதுதான் மல்சூன். கணவனிடமும் அப்படித்தான் இருந்தாள் என்றும், அதனால்தான் அந்த மனிதர் வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனார் என்றும் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆனால் அந்த அறையில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அவள் விதியால் தூக்கிப் போட்ட எண்களில் ஒன்று அவளுடைய சொந்த அண்ணன் அளந்தது.

அண்ணன் பெயர் பில்ஜூ. கிழக்கு மலைப் பக்கம் சுத்கோல் என்ற பள்ளத்தாக்கில் ஓர் ஏரி இருந்தது. அந்த ஏரிக்கு மதகுக் காவலர் அவர். மதகைத் திறந்து மூடுவதும், பக்கத்தில் நட்டிருந்த மானியில் மழை அளப்பதும் அவர் வேலை. மல்சூனுக்கு முப்பது வயது நடந்தபோது, சாங்மா மழைக்காலத்து ஒரு காலையில், ஏரிக்கரை உடைந்தது. ஓடையோரமாகத் தனியாக இருந்த ஒரு வீடு போயிற்று. வீட்டுக்குள் இருந்த தகப்பனும் ஆறு வயதுப் பையன் மன்சூவும் போனார்கள். வீட்டுக்காரி சந்தைக்குப் போயிருந்ததால் தப்பினாள்.

அதிகாரிகள் வந்தபோது மதகடிக் குடிசை காலியாக இருந்தது. காவலர் அங்கே இல்லை. கணவாய்க்கு அப்பால் டவுனில் இருக்கும் பெரிய வானிலை நிலையத்து மானி அன்றைக்குக் காட்டியது தொண்ணூறு மில்லிமீட்டர். தொண்ணூறு மில்லிமீட்டருக்கு ஏரி உடையாது, மதகைத் திறக்காமல் விட்டால்தான் உடையும் என்றார்கள். மறுநாள் பில்ஜூ நனைந்த தாளில் ஓர் எண்ணை எழுதிக்கொண்டு போய் நீட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு. எழுத்தர் அதை வாங்கி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு உள்ளே வைத்தார். பில்ஜூ மக்கொல்லி குடிப்பவர் என்பது ஊரறிந்த விஷயம். குடித்துவிட்டு எங்கேயோ விழுந்து கிடந்தார் என்று ஊர் முடிவு கட்டியது. அவர் சிறைக்குப் போய் வந்தார். வந்த பிறகு ஊர்க்கோடியில் மக்காச்சோளம் போட்டுப் பிழைத்தார். அன்றைக்கு எங்கே போயிருந்தீர் என்று நீதிபதி கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை, தங்கை கேட்டதற்கும் சொல்லவில்லை.

மல்சூனின் விதி முதன்முதலாக உலகம் பூராவும் ஓடியபோது, தூக்கப்பட்ட எண்களின் வரிசையில் சுத்கோல் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. அவள் அதைப் பார்த்தாள். பார்லித் தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அண்ணன் என்பதற்காக விதியை வளைக்க மாட்டேன் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. மீதி என்னவென்றால், அவளும் அண்ணனை நம்பவில்லை. அந்த வெட்கம் பிறகு அவளை வருஷக்கணக்கில் அரித்தது.

அப்படியிருக்க, ஒரு மாசி மாதத்தில் அண்ணனே போன் செய்தார். அவராகப் போன் செய்கிற ஆள் இல்லை.

"மல்சூனா, சாப்டியா?"

"சாப்பிட்டேண்ணே. என்ன, திடீர்னு?"

"ஒண்ணுமில்ல. ஊர்ல கல்லு நடப்போறாங்க. அந்த ரெண்டு பேருக்கு. மழைக்காலத்துல அவங்க திதி வருதுல்ல, அன்னிக்கு."

"நல்லதுதானே."

"கல்லுல என்ன எழுதுறதுன்னு பேச்சு. காவலரோட கவனக்குறைவால கரை உடைஞ்சுதுன்னு எழுதிக் கொண்டாந்தாங்க. ஊர்த்தலைவர் போங் எங்கிட்ட வந்து, 'அன்னிக்கு எவ்வளவு மழைன்னு சர்க்கார் கணக்குல இருந்தா காட்டுய்யா, அதையே வெட்டிருவோம்'னாரு. ஒலகத்து மழையெல்லாம் உங்கிட்டதான இருக்கு. என் மழையும் அங்க இருக்கா, பாரு."

பார்க்கிறேன் என்று மல்சூன் போனை வைத்துவிட்டாள். மனிதர் செத்தாலும் கல் சாகாது. ஒரு தடவை வெட்டினால் வெட்டியதுதான்.

மறுநாள் சுத்கோல் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் அண்ணனுடையதைத் தவிர மூன்று மானிகள் இருந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் ஒன்று, வனக்காவலர் விடுதியில் ஒன்று, கீழே பாலத்தடியில் ஒன்று. மூன்றும் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. பிறந்து வளர்ந்த ஊர் அவளுக்குத் தெரியாதா? அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தை மண் சரிந்து மூடியது. விடுதி உருண்டது. பாலம் போயிற்று. மானிகள் அவற்றோடு போயின. ஊர் அத்தனையையும் உடைந்த கரையின் கணக்கிலேயே எழுதிவிட்டிருந்தது. மீதி இருந்தது கணவாய்க்கு அப்பால் இருந்த டவுன் மானி ஒன்றுதான், அதுவோ மலைக்கு அந்தப் பக்கம், அங்கே பெய்கிற மழை வேறு.

பக்கத்து மானிகள் அண்ணனை மறுக்கவில்லை. பேச அவை உயிரோடு இல்லை. அவள் விதிக்கு 'இல்லை' என்பதற்கும் பேச்சு மூச்சு இல்லாமல் போனதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இருபது வருஷமாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. மழை எவ்வளவு கொடியதோ அந்த அளவுக்குச் சாட்சிகள் செத்திருப்பார்கள், தப்பித்து நின்ற ஒரே மானியை அவள் பொய்யன் என்று தூக்கிப் போட்டிருப்பாள்.

நேரே பிரிவுத் தலைவர் ஹியோனிடம் போனாள்.

"சார், ஒரு மானி தப்பாத் தூக்கப்பட்டிருக்கு. ஆனா அத நான் தொடக் கூடாது. அளந்தவர் எங்கூடப் பொறந்தவர்."

ஹியோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிகம் பேசாத மனிதர். "ஒரே ஒரு எண்ண உள்ள விட்டா, தங்கச்சி உள்ள விட்டான்னுதான் பேச்சு வரும்."

"தெரியும் சார்."

"அப்ப எண்ணத் தொடாத. விதியத் தொடு. விதிக்கு அண்ணன் தம்பி கிடையாதுல்ல?"

உலகம் பூராவையும் மறுபடி பார்ப்பது என்று ஆயிற்று. தனியாக நின்றதால் தூக்கப்பட்ட ஒவ்வொரு எண்ணுக்கும், பக்கத்து மானிகள் அன்றைக்கு மறுத்துப் பேசினவா, அல்லது அன்றோடு ஓய்ந்தனவா என்று தேட வேண்டும். மறுத்திருந்தால் எண் வெளியிலேயே கிடக்கட்டும். ஓய்ந்துபோயிருந்தால் உள்ளே வரட்டும். வசந்தம் முழுக்க மல்சூனும் ஏரானும் அதில் கிடந்தார்கள். பீச் மரம் பூத்ததையும் பார்க்கவில்லை, உதிர்ந்ததையும் பார்க்கவில்லை. நேபாளத்தில் ஒரு மானி, பெருவில் ஒன்று, பிலிப்பைன்ஸ் தீவுகளில் பல. மடகாஸ்கரின் அந்த முன்னூற்றைம்பதும் திரும்பி வந்தது.

"பக்கத்து வீட்டுக்காரன் நனையலன்னு சொன்னியேக்கா" என்றாள் ஏரான். "வீடே இல்ல பாரு."

மல்சூன் அந்த எண்ணை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, அடுத்த கட்டத்தைத் திறந்தாள்.

கொரியாவின் கட்டங்களை மல்சூன் தொடவே இல்லை. அண்ணன் விஷயத்தை அவள் வாயாலேயே கேட்டறிந்த ஏரான்தான் பார்த்தாள். ஒரு மதியம் சாப்பாட்டுத் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்து, "அக்கா, சுத்கோல் உள்ள வந்திருச்சு" என்றாள். மல்சூன் சோயாத் துவையல் குழம்பை இரண்டு கரண்டி குடித்தாள். பிறகு எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

மழைக்காலம் தொடங்கும்போது அட்டவணையின் அந்தப் பக்கத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அண்ணன் வாசலில் அடுப்பு மூட்டிச் சோளம் அவித்துக்கொண்டிருந்தார். அண்ணி தோட்டத்தில் இருந்தாள். மல்சூன் தாளை நீட்டினாள்.

"இந்தாண்ணே. உன் மழை. ஒலகத்துக்கே போயிருச்சு. நானூத்துப் பன்னெண்டு."

பில்ஜூ தாளைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தவளுக்கு அவர் முகம் சுருங்கியது விளங்கவில்லை.

"இது சரியில்ல, மல்சூனா."

"என்ன சரியில்ல? நீ எழுதினதுதானே?"

"நான் எழுதினதுதான். ஆனா பேஞ்சது இவ்வளவு இல்ல." அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்கு மேல."

மல்சூன் அடுப்புப் பக்கத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"விடிஞ்சதுலேருந்து அளந்தேன். பாத்திரம் நெறைய நெறைய, குழாயில ஊத்தி அளந்துட்டுக் கொட்டிட்டு மறுபடி வச்சேன். கடைசியா அளந்து கூட்டினப்ப நானூத்துப் பன்னெண்டு. மதகு முழுசாத் திறந்துதான் இருந்துச்சு. அப்பிடியும் தண்ணி கரைக்கு மேல ஏறுது. கீழ பாத்தா ஓடையோரத்து வீட்டுல அடுப்புப் புகை தெரியுது. உள்ள ஆள் இருக்காங்கன்னு அர்த்தம். மானி மறுபடி நெறைஞ்சு வழியுது. நான் அத அளக்கல. போட்டுட்டு ஓடினேன்."

"ஓடி?"

"ஓடைக்கு இந்தப் பக்கம்தான் போக முடிஞ்சுது. அங்கேருந்து கத்தினேன். மன்சூவோட அப்பன் வாசலுக்கு வந்தான். என்னப் பாத்தான். கையத் தூக்கிட்டு, பையனத் தூக்கிட்டு வர உள்ள போனான்." அவர் குச்சியால் அடுப்பைக் கிளறினார். "அப்புறந்தான் தண்ணி வந்துச்சு."

"கோர்ட்டுல கேட்டாங்களேண்ணே! ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சாட்சி யாருன்னு கேப்பாங்கல்ல. யாரக் கூப்பிடுறது? பாத்தவன் போயிட்டான்." பிறகு சொன்னார்: "தூக்கத்துலயே போயிட்டாங்க, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு ஊர்ல அந்தம்மாவத் தேத்தி வச்சிருக்காங்க. அதக் கெடுக்கறதா? நீயும் சொல்லாத. நீ சும்மா எண்ண மட்டும் கொண்டுபோய்க் குடு. இல்ல, தப்பான எண்ணுன்னா அடிச்சிரு."

மல்சூனுக்கு அப்போது அட்டவணை முழுவதும் கண்ணில் வந்து நின்றது. நேபாளத்து எண், பெருவின் எண், அந்தத் தீவுகளின் எண்கள். ஒவ்வொன்றும் இதே மாதிரி பாதியில் நின்ற எண்ணாக இருக்கலாம். யார் எந்த வீட்டைப் பார்த்து ஓடினார்களோ? எண் பெரிது, நம்ப முடியாது என்று தூக்கினாளே, உண்மையில் அது சிறியது. அளந்தவன் ஓடிவிட்டதால் சிறியது.

ஊர்ச் சாவடியில் தலைவர் போங் இருந்தார். நாலைந்து பெண்கள் பயறு முளை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யோங்வோல்காரம்மாவும் ஒருத்தி. பிள்ளை இருந்தவரை ஊர் அவளை மன்சூ அம்மா என்று அழைத்தது. பிள்ளை போன பிறகு அந்தப் பெயரை எடுக்க யாருக்கும் நாக்கு எழவில்லை. பிறந்த ஊரைச் சொல்லி யோங்வோல்காரம்மா ஆக்கிவிட்டார்கள்.

போங் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "நானூத்துப் பன்னெண்டா! அப்ப இத வெட்டிருவோம்" என்றார்.

எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அண்ணன் சொன்னதும் அதுதான். ஆனால் குறைவென்று தெரிந்த எண்ணைச் சரியென்று கொடுத்துப் பழக்கமில்லாதவள் அவள்.

"தலைவரே, அது குறைச்ச எண்ணு. பேஞ்சது இன்னும் அதிகம்."

"குறைச்சலா? ஏன் முழுசா அளக்கல?"

மல்சூன் யோங்வோல்காரம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாள் கை பயறில் நின்றிருந்தது.

"அண்ணன் பாதியில மானிய விட்டுட்டு உங்க வீட்டப் பாத்து ஓடினாராம். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்னு கத்தினாராம். அவர் சொன்னதுதான். சாட்சி இல்ல."

யோங்வோல்காரம்மா மடியில் இருந்ததை உதறினாள். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, தூறலில் குடைகூட எடுக்காமல் ஊர்க்கோடியைப் பார்த்து நடந்தாள். மல்சூன் பின்னாலேயே ஓடினாள். சொல்லாதே என்று அண்ணன் சொன்னதைக் கேட்கவில்லையே, இந்த அம்மாள் போய் என்ன கேட்கப் போகிறாளோ என்ற பயம் அவளுக்கு.

பில்ஜூ அடுப்பை விட்டு எழுந்து நின்றார். அவர் வாயிலிருந்து தானாக வந்தது: "மன்சூ அம்மா."

அந்த அம்மாள் ஒரு கணம் ஆடிப்போனாள். பிறகு கேட்டாள்.

"கத்துனீங்களாமே."

"கத்தினேன்."

"அவருக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. கையத் தூக்கினார். பையன எடுக்க உள்ள போனார். வெளிய வரல."

"உள்ள போனாரா? புள்ளைகிட்டதான் போனாரா?"

"புள்ளைகிட்டதான்."

அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். "ரெண்டு பேரையும் வேற வேற எடத்துல எடுத்தாங்க" என்றாள். "இவர் மேல, புள்ள ரொம்பக் கீழ. எம்புள்ள அந்த நேரத்துல தனியா இருந்துச்சோ, அப்பன் வயலுக்குப் போயிட்டானோ, கூப்பிட்டுப் பாத்துச்சோன்னு... இத்தனை வருஷமும் எனக்கு அதுதான்." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "தனியா இல்ல. அப்பன் கூட இருந்தான்."

"இருந்தான், மன்சூ அம்மா."

எப்படி நம்புவது என்று அவள் கேட்கவில்லை. வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்கவில்லை. மல்சூன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாழ்நாள் முழுக்க இரண்டாவது சாட்சியைத் தேடியவள், ஒரே ஒருவன் சொன்னதை ஒருத்தி முழுசாக வாங்கிக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கல்லில் 'கவனக்குறைவு' என்ற சொல் ஏறவில்லை. எண்ணும் ஏறவில்லை. இரண்டு பெயர்களும், அளவு கொள்ளாத மழையில் ஒன்றாகப் போனவர்கள் என்ற வரியும் மட்டும் வெட்டினார்கள். அந்த வரியைச் சொன்னவள் மன்சூ அம்மா. திதியன்று பில்ஜூ முதல் தடவையாக வந்து கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு வணங்கினார். எழுந்திருக்க முடியாமல் தடுமாறியபோது இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

தேஜோன் திரும்பிய மல்சூன், அட்டவணையில் நானூற்றுப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் ஒரு குறி போடச் சொன்னாள். இதற்குக் குறையாது, இதற்கு மேலும் பெய்தது என்று பொருள்படும் குறி. உலகத்து மழைக்கணக்கில் அப்படி ஒரு குறி அதுவரை இல்லை. அதற்காகப் புதிதாக ஓர் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.

கொரியக் கட்டம் என்பதால் ஏரான்தான் அதைப் பதிந்தாள். பதிந்துகொண்டே கேட்டாள்: "ஆதாரம்னு ஒரு இடம் இருக்குக்கா. அதுல என்ன எழுத?"

மல்சூன் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"அளந்தவர் சொன்னார்னு எழுது."